பதில் சொல்லத் தெரிந்தவன்

வங்காலைக் கரையில் டொமினிக்கின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், தொண்டையைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. விடியலில் படகுகள் வந்து மீன் இறங்கியதும் அதை ஏலம் கூறி விற்பது அவன்தான். பாரையும் விளைமீனும் மண்ணில் கிடக்க, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அவன் விலை கூவத் தொடங்கினால், ரோட்டில் மன்னார் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கும் இன்றைக்குப் பாரை என்ன விலை என்று தெரிந்துவிடும். அப்படியொரு சத்தம். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சத்தத்தில்தான் அவன் குடும்பம் சாப்பிட்டது.

கோயிலிலும் அதே கதைதான். செபத்தைத் தொடங்கி வைப்பது மூப்பர் எமிலியானுஸ். நல்ல மனிசன், ஆனால் குரல் நூல் மாதிரி. முன்வரிசைக்கே பாதிதான் போய்ச் சேரும். அவர் ஒரு வரி சொல்லி முடிக்க, சனத்தின் பதில் வரவேண்டும். அந்தப் பதிலைத் தூக்கிக் கொடுப்பது டொமினிக். "இரக்கமுள்ள ஆண்டவரே, இரங்கியருளும்" என்று கடைசி வரிசை வாங்கிலிருந்து அவன் எடுத்தால், தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திடுக்கிட்டு நிமிர்ந்து இரங்கியருளும் என்பார்கள். டொமினிக் வராத செபம் உப்பில்லாத கறி என்று பெண்டுகள் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். பொய் சொல்லுவானேன், நன்றாகவே நிமிரும்.

அந்த ஊரில் நல்மரண மன்றாட்டு என்று ஒன்று சொல்லுவார்கள். தவக்கால வெள்ளிகளில் கோயிலில் சொல்லுவார்கள், சாகக் கிடக்கிறவர்களின் வீட்டிலும் சொல்லுவார்கள். பாதம், கை, கண், செவி என்று உடம்பின் ஒவ்வொரு பாகமாக எடுத்து, அது அடங்கிப்போகிற நேரத்தில் ஆண்டவர் துணைக்கு வரவேண்டும் என்று கேட்கிற நீண்ட மந்திரம். ஒவ்வொரு வரியும் "வேளையிலே" என்று முடியும். மூப்பர் முதற்சொல்லைத் தொட்டால் போதும், டொமினிக்கின் வாய் அவருக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டு ஓடி, "வேளையிலே"யில் அவரோடு சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற பதில் எப்படியும் அவனுடையது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு, டொமினிக் முழுவதையும் சொல்லுகிறான் என்றுதான் தோன்றும். டொமினிக்குக்கும் அப்படித்தான் தோன்றியது. இத்தனை வருசத்தில் ஒரு நாளாவது மூப்பர் வாயை மூடியிருக்க, இவன் தனியாகத் திறந்து பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். யார் அப்படிப் பார்க்கிறார்கள்?

அவனுக்கு ஓர் அண்ணன் இருந்தார், பஸ்ரியன். கலியாணம் கட்டவில்லை. தம்பியின் வளவுக்குள்ளேயே ஓர் அறையைப் போட்டுக்கொண்டு இருந்தார். இளவயதில் சிலிண்டர் கட்டிக் கடலட்டை எடுக்க இறங்கியவர். ஆழத்திலிருந்து அவசரப்பட்டு ஏறி ஏறி இரண்டு காதும் போய்விட்டது. இடி விழுந்தாலும் "ஆரோ கதவைத் தட்டினமோ?" என்று கேட்பார். தம்பியின் தொண்டை ஒன்றுதான் அவருக்குக் கேட்கும், அதுவும் காதுக்குள் வாயை வைத்துக் கூப்பிட்டால்.

கோயிலில் அவரால் டொமினிக்குக்குப் பெரிய தலைகுனிவு. சனம் ஒரு வரியில் நிற்க அவர் வேறு வரியில் நிற்பார். எல்லாரும் முடித்து அமைதியாக இருக்கும்போது, அவர் வாயிலிருந்து மட்டும் ஒரு வரி தனியாக வந்து விழும். இளந்தாரிகள் சிரிப்பார்கள். டொமினிக்கின் காதுமடல் சூடாகிவிடும். முழங்கையால் அண்ணனுக்கு ஓர் இடி கொடுத்து, வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டுவான். பஸ்ரியன் சிரித்துவிட்டு வாயை மூடுவார். ஆனால் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும். செவிட்டு மனிசன் என்னத்தைச் சொல்லுறாரோ என்று டொமினிக் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

போன ஐப்பசியில், மழை தொடங்கிய கையோடு பஸ்ரியனுக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. மன்னார் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் கட்டி, மிஞ்சிப்போய்விட்டது. டொக்டர் டொமினிக்கைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் வைத்து நன்றாகப் பாருங்கோ என்று தன்மையாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று பஸ்ரியனுக்கும் தம்பியின் முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது.

ஞாயிறு பூசை முடிந்து சனம் அவரைப் பார்க்க வந்திருந்த நேரம். அறைக்குள் கதிரை போதாமல் பாதிப்பேர் முற்றத்தில் நின்றார்கள். மூப்பர் எமிலியானுஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். பஸ்ரியன் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"டேய் தம்பி, நான் கனநாள் இரன். போகேக்கை அந்த மன்றாட்டை என்ரை காதுக்கை நீதான் சொல்லவேணும். மூப்பற்றை குரல் எனக்குக் கேக்காது. பங்குச் சுவாமியின்ரையும் கேக்காது. கடலுக்குக் கீழை சத்தமில்லாமல் இருந்து பழகின ஆள்தான் நான். எண்டாலும் அந்த வழிக்குச் சத்தமில்லாமல் போகப் பயமாக் கிடக்கடா."

டொமினிக் குனிந்து அவர் காதுக்குள் சத்தம் போட்டான். "நான் சொல்லுவன் அண்ணை! நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ!"

மூப்பர் தன் சட்டைப் பையிலிருந்து சின்ன மந்திரப் புத்தகத்தை எடுத்தார். "டொமினிக், இதை வைச்சிரும். நேரத்துக்குப் பாத்துச் சொல்லலாம்."

அங்கேதான் அவன் வாயைக் கொடுத்தான். "புத்தகமோ? எனக்கோ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சிரித்தான். "மூப்பர், என்னை நித்திரையாலை எழுப்பிக் கேளுங்கோ. தலைகீழாச் சொல்லுவன்." முற்றத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஓமோம், டொமினிக்குக்குப் புத்தகம் எதுக்கு என்றார்கள். மூப்பர் புத்தகத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் கூறல் முடிந்து, கரையில் இருந்த மீன் வாடிக்குள் வலைக் குவியலில் தனியாகக் குந்தியிருந்தபோது, சும்மா ஒருக்கால் சொல்லிப் பார்ப்போம் என்று தொடங்கினான். பாதம் வந்தது. கை வந்தது. அதற்குப் பதிலும் வந்தது. பிறகு என்ன? கண்ணா, செவியா? திரும்பத் தொடக்கத்துக்குப் போய், ஒரே ஓட்டமாக ஓடிவந்து பாயப் பார்த்தான். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது வரிக்குத் தலையைக் காணவில்லை, வால்தான் இருந்தது. வேளையிலே, வேளையிலே. டொமினிக்குக்குப் பிடரி வேர்த்தது. வாடிக்குள் அவனைத் தவிர ஈ காக்கை இல்லை. இருந்தும் எழும்பிப் போய், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று வாசலை எட்டிப் பார்த்தான். வெட்கம் அப்படித்தான், ஆளில்லாத இடத்திலும் பிடித்துக்கொள்ளும்.

அன்றைக்கே வீட்டு அலுமாரியிலிருந்து மனைவி செலீனாவின் மந்திரப் புத்தகத்தை எடுத்து, களவெடுத்தவன் மாதிரிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வாடிக்குக் கொண்டுபோனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாசிப்புத்தான். வாசிக்க வாசிக்க ஒரே சந்தோசம். எல்லாம் தெரிந்த வரி, பழகின சொல். ஒரு வரியில் கண் நிற்கும்போதே அடுத்த வரி மனதுக்குள் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். "அட, இதுதானே! இதுக்கோ பயந்தனான்?" என்று தன்னையே பழிப்பான். பிறகு புத்தகத்தை மூடிச் சொல்லிப் பார்த்தால், பாதம், கை, அதோடு சரி.

இங்கேதான் மனிசன் விட்ட பிழை. மூடுகிறபோது முகம் சுருங்கிப்போகிறது, திறக்கிறபோது நெஞ்சு ஆறுகிறது. ஆகவே மூடுவதை விட்டுவிட்டான். திறந்தபடியே இன்னுமொருக்கால் வாசிப்பான், இன்னும் சத்தமாக வாசிப்பான், முக்கியமான சொற்களுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடும் கீறினான். கடைசியில் கோடு கீறாத சொல் ஒன்றும் மிஞ்சவில்லை. போனில் தன் குரலைப் பதிந்து, காதில் வயரைச் செருகிக்கொண்டு கேட்டும் பார்த்தான். போனுக்குள் இருக்கிற டொமினிக் வரியைச் சொல்ல, வெளியில் இருக்கிற டொமினிக் "இரங்கியருளும்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் புத்தி எங்கே போகும்?

வீட்டில் மகள் றொசானா உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய படிப்பைக் கண்டாலே டொமினிக்குக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு பக்கத்தை வாசிப்பாள், புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் அங்குமிங்கும் நடப்பாள், தனக்குத்தானே பேசுவாள். இடையில் நிற்பாள், நெற்றியைச் சுருக்குவாள், "சீ" என்பாள், திறந்து பார்ப்பாள், மறுபடி மூடுவாள். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரித்தான் இருக்கும்.

ஒரு பின்னேரம் அவன் பொறுக்கமாட்டாமல் கத்தினான். "புத்தகத்தைத் திறந்து வைச்சுப் படி பிள்ளை! மூடி வைச்சுக்கொண்டு மதிலோடை என்ன கதை? சோதினையிலை மதிலோ வந்து எழுதப்போகுது?"

"திறந்து வைச்சால் எல்லாம் தெரிஞ்ச மாதிரித்தான் அப்பா இருக்கும்" என்றாள் அவள். "மூடினால்தான் எது தெரியாதெண்டு தெரியும். தெரியாமல் முழிச்சுப்போட்டுப் பாக்கிறது பிறகு மறக்காது."

டொமினிக்குக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, அம்மாவின்ரை மந்திரப் புத்தகம் வாடிக்கை கிடந்தது, நான் கண்டனான். என்னட்டை ஒப்புவியுங்கோவன். நான் புத்தகத்தைப் பிடிக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. பிழைச்சால் சொல்லித் தாறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

எவ்வளவு நல்ல பிள்ளை, பாருங்கள். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இரண்டு பின்னேரத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஊருக்கே பதில் சொல்லுகிற டொமினிக், நேற்றுவரை தாயின் பாவாடையைப் பிடித்து நடந்த தன் மகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, மூன்றாவது வரியில் முழிக்கிறதா? நினைக்கவே அவனுக்கு உடம்பு கூசியது. "எனக்கு நீ படிப்பிக்க வந்திட்டியோ? போய் உன்ரை அலுவலைப் பார்" என்று உறுமிவிட்டுப் போய்விட்டான். போகும்போதே தெரியும், செய்தது பிழை என்று. திரும்பிப் போகத்தான் முகம் இல்லை.

மார்கழி பிறந்து சில நாள். மத்தியானம் வாடியில் மீனுக்கு ஐஸ் அடித்துக்கொண்டிருந்தபோது செலீனா போன் எடுத்தாள். "இஞ்சேருங்கோ, கெதியா வாங்கோ. அண்ணைக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சுவாமி வந்து அவஸ்தை எண்ணெய் பூசிப்போட்டுப் போட்டார். உங்களைத்தான் கேக்கிறார்."

மோட்டார் சைக்கிளை எடுத்துப் பாதி வழி வந்தபிறகுதான் புத்தகம் வாடிக்குள் கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பினால் நேரம் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புத்தகத்தோடு போனால் ஆட்கள் பார்ப்பார்கள் என்பதுதான் உண்மை. அவனுக்கும் அது தெரியும்.

அறை நிறையச் சனம். மெழுகுதிரி எரிந்தது. பஸ்ரியனின் கையில் பாடுபட்ட சுரூபச் சிலுவையைக் கொடுத்திருந்தார்கள். தம்பியைக் கண்டதும் அவருடைய கண் தெளிந்தது. அப்பாடா, வந்திட்டான் என்கிற மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையை டொமினிக்கால் தாங்க முடியவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றான். மூப்பர் எமிலியானுஸ் தன் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து நீட்டினார். செலீனா கண்ணால் கெஞ்சினாள், வாங்குங்கோ என்று. டொமினிக் தலையை ஆட்டி மறுத்துவிட்டான். பிறகு குனிந்து, அண்ணனின் காதோடு வாயை வைத்து, கரையில் கூவுகிற அந்தப் பெரிய குரலை எடுத்தான்.

"இந்த மண்ணிலே நடந்த என் பாதங்கள் ஓய்ந்து குளிரும் வேளையிலே!"

இரக்கமுள்ள ஆண்டவரே, இரங்கியருளும் என்றது சனம். பஸ்ரியனின் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. கேட்கிறது, அவருக்குக் கேட்கிறது.

"வலித்து உழைத்த என் கைகள் பிடி தளரும் வேளையிலே!"

இரங்கியருளும்.

அதற்கு மேல் வெட்டவெளி. டொமினிக் வாயைத் திறந்தான், கைகள் என்ற வரிதான் திரும்ப வந்தது. சனம் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பதில் சொன்னது. ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள், அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறை அமைதியாகிவிட்டது. மூப்பரின் புத்தகம் கைக்கெட்டின தூரத்தில் இருந்தது. எட்டி வாங்கியிருக்கலாம். இந்த நேரத்தில் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஆனால் கை எழும்பவில்லை. சாகக் கிடக்கிற அண்ணனை விடத் தன் மானம் பெரிதாகப் போய்விட்டதே என்று நெஞ்சு சொல்லியது. சொல்லியும் கை எழும்பவில்லை.

அப்போது அவன் கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. அவனுடைய வாய் அண்ணனின் காதோடு இருந்ததால், அண்ணனின் வாயும் அவன் காதோடு இருந்தது.

"கண்ணடா" என்றார் பஸ்ரியன். காற்றுத்தான் வந்தது, குரல் இல்லை. "உமது வெளிச்சத்தைக் கண்ட என் கண்கள்... மங்கும்..."

"உமது வெளிச்சத்தைக் கண்ட என் கண்கள் மங்கும் வேளையிலே!" என்று டொமினிக் கத்தினான்.

இரங்கியருளும் என்றது சனம், நிம்மதியாக.

"செவி" என்றது மூச்சு. "என் செவிகள் அடைபட்டு... மனிதர் குரல்... எட்டாத..."

அவன் கத்தினான். சனம் பதில் சொன்னது. இப்படியே நாவு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாக வந்தது. வரிக்கு வரி இடைவெளி நீண்டது. அண்ணனிடம் மிச்சமிருந்த மூச்சை இவன் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் செலவழித்துக்கொண்டிருந்தான். போதும் அண்ணை, கதையாதையுங்கோ என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் மன்றாட்டு நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் மூச்சு நின்றுவிடும்.

இந்த மனிசன் இதை எங்கே பாடமாக்கினார்? அந்தக் கேள்வி வந்த கையோடு பதிலும் வந்து டொமினிக்கைக் குத்தியது. காது போனபிறகு அவருக்குக் கோயிலில் பிடித்துக்கொண்டு போக ஒருவருடைய குரலும் இல்லை. மூப்பர் தொட்டுக் கொடுக்கவில்லை, சனம் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒவ்வொரு சொல்லையும் அவரேதான் தேடி எடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் தாளம் தப்பினார். இவனோ பக்கத்தில் இருந்து முழங்கையால் இடித்தான். இரண்டு நல்ல காதை வைத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க மற்றவர்களின் வாய்ச்சொல்லைத் தின்றவன் தான் என்று அவனுக்கு அந்த இடத்தில் விளங்கியது.

கடைசி வரியும் வந்தது. "ஒருவரும் துணை வராத வழியிலே நான் தனியே புறப்படும் வேளையிலே!" சனம் பதில் சொல்லிச் சிலுவை போட்டது. பஸ்ரியனின் உதடு திரும்ப அசைந்தது.

"முதலிலையிருந்து சொல்லு தம்பி. எனக்கு இனி ஏலாது. இப்ப நீ தனியச் சொல்லு. நான் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

டொமினிக் தொடங்கினான். பாதம் வந்தது. கை வந்தது. கண், வந்துவிட்டது! சற்று முன் தடக்கி விழுந்த இடம், இப்போது தானாக வந்தது. செவியும் வந்தது. அண்ணனின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்தது. பிறகு நாவு. என் நாவு என்று தொடங்கிவிட்டான், மிச்சம் வரவில்லை. என் நாவு... என் நாவு... அவன் தலை தானாகத் திரும்பியது, காதை அண்ணனின் வாயோடு வைத்தது. சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. கன்னத்தில் மூச்சுப் படவில்லை.

செலீனாதான் முதலில் அழுதாள். அவளுடைய சத்தத்தில்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

செத்தவீட்டில் பேச்சு முழுக்க டொமினிக்தான். "அண்ணனை எப்பிடி அனுப்பி வைச்சான், பாத்தியளோ? புத்தகத்தைத் தொடேல்லை. ஒருக்கால் முழுக்கச் சொல்லி, ரெண்டாந்தரமும் தொடங்கினவன்." இடையில் நின்றதற்கும் அவர்களே காரணம் வைத்திருந்தார்கள். "கூடப் பிறந்தது எல்லோ, துக்கம் தொண்டையை அடைச்சுப்போட்டுது." வந்தவர்கள் எல்லாரும் அவன் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். ஒவ்வொரு கையும் அவனுக்கு நெருப்பாகச் சுட்டது. சவக்காலையில் மண் போடும்போது மூப்பர் எமிலியானுஸ் அவன் தோளைத் தட்டி, "நான்தான் உம்மை நம்பாமல் புத்தகத்தை நீட்டிப்போட்டன், குறை நினையாதையும்" என்றார். டொமினிக்குக்கு அந்தக் குழிக்குள் தானும் இறங்கிவிடலாம் போல இருந்தது.

தை மாதம் ஒரு காலை, கூறல் முடிகிற நேரம், கொலின்ஸ் கரைக்கு வந்தான். அடுத்த தெருக்காரன், படகு வைத்திருக்கிறவன். அவனுடைய தாய் படுக்கையில் கிடந்தாள்.

"டொமினிக் அண்ணை, அம்மா இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கிறா. நீங்கள்தான் வந்து சொல்லவேணுமாம். டொமினிக்கின்ரை குரலிலை போகவேணும் எண்டு கேக்கிறா."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் இவனைப் பார்த்தார்கள். "எனக்கு அது தெரியாது கொலின்ஸ்" என்றான் டொமினிக். "அண்டைக்கு நான் சொல்லேல்லை. அண்ணை சொல்லித் தந்தவர், நான் பின்னாலை கத்தினனான். அவ்வளவுதான்."

கொலின்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியளோ மனிசனை?" என்றான் மற்றவர்களைப் பார்த்து. "செத்துப்போன அண்ணனுக்கே பேரைக் குடுக்கிறார். என்ன தாழ்மை!" எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள். டொமினிக் இன்னும் பலத்துச் சொன்னான், உண்மையடாப்பா, எனக்குத் தெரியாது என்று. அந்தத் தொண்டையில் அது கரை முழுக்கக் கேட்டது, ஒருவரும் நம்பவில்லை. பின்னேரம் வாங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டுக் கொலின்ஸ் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தான். செலீனா இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். றொசானா வந்து பக்கத்தில் இருந்தாள். கரையில் நடந்தது அதற்குள் அவள் காதுக்கும் வந்துவிட்டது.

"ஏனப்பா தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

அவன் நிலத்தைப் பார்த்தபடி தொடங்கினான். எல்லாவற்றையும் சொன்னான். தன் மகளுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் விடாமல் சொன்னான். அண்ணன் மூச்சால் சொல்லித் தந்ததைச் சொன்னான். முழங்கையால் இடித்ததைச் சொன்னான்.

"பெரியப்பாவுக்குப் பயம், சத்தமில்லாமல் போக" என்றான். "அதுக்குத்தான் என்னைக் கேட்டவர். போகேக்கை நான் சத்தம் போடேல்லை மகள். சொல்லு வரும் எண்டு அவற்றை வாயைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

றொசானா ஆறுதல் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள், "அந்த வரி இப்ப தெரியுமோ அப்பா?"

தெரியாமல் என்ன? நித்திரையிலும் அந்த வரிதான். மீனைக் கூறும்போதும் அந்த வரிதான் விலைகளுக்கு நடுவில் வந்து நின்றது. மறந்துபோனால் நல்லது என்று அவன் எத்தனையோ தரம் கும்பிட்டிருக்கிறான், அது போவதாக இல்லை.

"என் நாவு சோர்ந்து, சொல்ல வேண்டிய சொல் வராமல் நிற்கும் வேளையிலே" என்றான் டொமினிக். ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. அடுப்படியில் நின்ற செலீனாவுக்கு அது கேட்கவே இல்லை.